ராஜா இல்லாத கோட்டையா, தண்ணி இல்லாத ஆறா: வேலூரில் முதல் டப்பாவை எங்கே ஒளிப்பது?

ஜியோகேஷிங் பற்றி என் சித்தப்பாவிடம் முதன்முதலில் சொன்னபோது, “ஜியோவுல கேஷ் தராங்களா? அப்போ என் நம்பருக்கும் போட்டு வுடு” என்றார். அந்த ஜியோவும் இல்லை, அந்தக் கேஷும் இல்லை சித்தப்பா, ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டு ஒன்றை வைத்து எங்கேயாவது ஒளித்துவிட்டு அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஜியோகேஷிங் இணையதளத்தில் போடுவோம், முன்பின் தெரியாத ஒருவர் போனில் ஜிபிஎஸ் பார்த்துக்கொண்டே வந்து, தேடி எடுத்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போவார் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “சரி, அத்த வெக்கறதுக்கு யாரக் கேட்ட?” என்றார்.

அப்போது சிரித்துவிட்டேன். ஏற்கனவே ஒரு டப்பாவை யாரையும் கேட்காமல் வைத்துத் தொலைத்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

நாலைந்து டப்பா கண்டுபிடித்ததுமே நாமும் ஒன்று வைக்க வேண்டும் என்று கை அரிக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். குறைந்தது இருபதாவது கண்டுபிடித்த பிறகு வையுங்கள் என்பது இந்த விளையாட்டில் வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. நம் ஊரில் இருந்துகொண்டு இருபது தேடுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லைதான், ஆனால் காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, இன்னொரு பக்கம் பெங்களூரு. வேறு வேலையாகப் போகும்போது இரண்டு மூன்று பார்த்துவிட்டு வரலாம். நல்ல டப்பா எது, நாறிப்போன டப்பா எது என்பது தேடித் தேடித்தான் புரியும். ஈரத்தில் கூழாகிப்போன நோட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர் தன் டப்பாவை அப்படி விடமாட்டார்.

சரி, வைப்பது என்று முடிவாகிவிட்டது. எங்கே?

வேலூரைப் பற்றிய பழைய கிண்டல் எல்லோருக்கும் தெரியும்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. (கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார், மற்றவை அநேகமாக அப்படியே இருக்கின்றன.) புதியவருக்கு முதலில் மனதில் தோன்றும் இடங்களும் இதே வரிசைதான், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கோட்டையை எடுத்துக்கொள்வோம். ஆசை வருவது நியாயம். வெளியூரிலிருந்து வருகிறவர் எப்படியும் பார்க்கப்போகிற இடம், அகழி, கொத்தளம், கல்லுக்குக் கல் இடைவெளி, ஒரு சின்ன குப்பியைச் செருகினால் கண்ணுக்கே தெரியாது. அந்த இடைவெளிதான் சிக்கலும். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சிதைத்தாலோ மாற்றினாலோ இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். நான் ஒன்றையும் சிதைக்கவில்லையே, சும்மா செருகத்தானே செய்தேன் என்பீர்கள். நீங்கள் செருகுவீர்கள், தேடி வருகிறவர் என்ன செய்வார்? ஜிபிஎஸ் பத்து மீட்டர் தள்ளிக் காட்டும், அந்தப் பத்து மீட்டர் சுவரில் உள்ள ஒவ்வொரு இடுக்கிலும் விரலை விட்டு நோண்டுவார், ஆடுகிற கல்லை அசைத்துப் பார்ப்பார். பத்துப் பேர் வந்தால் பத்து முறை. நானூறு வருஷத்துக்கும் மேல் நின்ற சுவருக்கு நம் விளையாட்டால் அந்த வேலை வேண்டாம். போதாக்குறைக்கு உள்ளே காவலர், கோயில் வாசலில் கூட்டம், பூங்காவில் குடும்பம் குடும்பமாக ஆட்கள். யாரைக் கேட்டு வைத்தாய் என்ற கேள்விக்குத் தொல்லியல் துறையின் எழுத்துபூர்வமான அனுமதியைக் காட்ட முடிந்தால் வையுங்கள். முடியாது என்றால் கோட்டையை வேறு விதமாகப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மலை. இதில்தான் நான் விழுந்தேன். பாலமதி போகும் பாதையில், மூன்றாவது கொண்டை ஊசி வளைவுத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா, பச்சை மூடி, உள்ளே நோட்டு, பென்சில், கண்டுபிடிக்கிறவர்களுக்குப் பரிசாக நாலைந்து புளிப்பு மிட்டாய். மிட்டாய் வைத்த புத்திசாலி நான்தான். பதினோரு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன், டப்பா நாலு துண்டாகக் கிடந்தது, நோட்டு கிழிந்து புதர் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது, சுவர் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து என்னைப் பார்த்தது. இன்னும் கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்பது போலிருந்தது. ஒரு மணி நேரம் குனிந்து காகிதம் பொறுக்கினேன், மூடி மட்டும் கிடைக்கவில்லை.

சாப்பிடும் பொருள் டப்பாவில் வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் பழைய விதி, நான் படிக்காமல் விட்டது. இதில் ஒரு வேடிக்கை. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அதைக் கொண்டாட மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்தார், அதுதான் முதல் ஜியோகேஷ். வாளியைப் பாதி மண்ணில் புதைத்திருந்தார், உள்ளே ஒரு டின் பீன்ஸும் ஒரு கவணும் இருந்தன. இன்றைய விதிப்படி அந்த வாளிக்கு அனுமதியே கிடைக்காது. குழி தோண்டக் கூடாது, தின்பண்டம் கூடாது, ஆயுதம் கூடாது.

குரங்கு ஒரு பக்கம் இருக்கட்டும், மலையில் அதைவிடப் பெரிய பிரச்சினை அது யாருடையது என்பது. பாலமதி, அமிர்தி, ஜவ்வாது மலைச் சரிவுகள் என்று நமக்குப் பிடித்த இடங்களில் பெரும்பகுதி காப்புக்காடு. சாலையை விட்டு அனுமதியில்லாமல் உள்ளே இறங்குவதே குற்றம், அப்புறம் எங்கே டப்பா வைப்பது? கோடையில் காட்டுத்தீ பயம் இருப்பதால் புதருக்குள் நடமாடும் ஆளை வனத்துறையினர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். பாறை இடுக்கில் வைத்தால் தேடுகிறவர் கையை விடும் இடத்தில் தேள் இருக்கலாம், பாம்பு இருக்கலாம். முதல் டப்பாவுக்கு மலை வேண்டாம் என்பது என் முடிவு. மலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் வனச்சரக அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள், இல்லை என்றால் இல்லை.

பாலாறு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து மாதம் மணல், அதனால் ஆபத்தில்லை என்று தோன்றும். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்கள் அங்கே டப்பா வைக்க மாட்டார்கள். அடித்துப்போன பிளாஸ்டிக் வயலூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும், அவ்வளவுதான். பாலத்துக்கு அடியில் வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பாலம், தண்டவாளம், அணை, சிறைச்சாலை, பள்ளிக்கூடம் இவற்றின் பக்கமே போகாதீர்கள். தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவு இருக்கிறது. தொரப்பாடி சிறை மதில் ஓரம் ஒரு ஆள் குனிந்து குனிந்து எதையோ தேடுகிறார் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஆனால் பாலாற்றுக்கு டப்பாவே இல்லாத ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. எர்த்கேஷ் என்று ஒரு வகை. அதில் எதையும் ஒளிக்க வேண்டாம், ஒரு இடத்தின் மண்ணையோ பாறையையோ நீரையோ பற்றி ஒரு பாடம் எழுதி, அங்கே நேரில் வந்து பார்த்தால் மட்டுமே பதில் தெரியும்படி இரண்டு மூன்று கேள்வி வைக்க வேண்டும். மேலே வறண்டு கிடக்கிற ஆற்றில் அடியில் நீர் எப்படி ஊறி நகர்கிறது, மணலின் பருமனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு, ஊற்று தோண்டினால் ஏன் நீர் வருகிறது: இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? பழைய வட ஆர்க்காட்டுக்குள் ஏலகிரியையும் சேர்த்துக்கொண்டால் அது சயனைட் (syenite, விஷமான சயனைடு இல்லை) என்ற பாறையால் ஆன மலை, நம் பக்கத்துச் சாதாரணக் கருங்கல் இல்லை, அதுவும் ஒரு பாடம்தான். குரங்கு கடிக்க ஒன்றுமில்லை, வெள்ளம் அடிக்க ஒன்றுமில்லை. உழைப்பு வேறு மாதிரி: உட்கார்ந்து படிக்க வேண்டும், சரிபார்த்து எழுத வேண்டும், நிலத்துக்கு உரியவர் அனுமதி இதற்கும் வேண்டும், பதில் அனுப்புகிறவர்களுக்கு மறுமொழி சொல்ல வேண்டும். எழுத்தில் ஆசை உள்ளவர்கள் முதல் கேஷாகவே இதைச் செய்யலாம். டப்பா திறக்கும் சுகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கும்.

நகரத்துக்குள் லாங்கு பஜார், புதிய பேருந்து நிலையம், கிரீன் சர்க்கிள், பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்கள். வேண்டாம். 2011-இல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற சிறிய ஊரில் ஒருவர் தெருவில் குனிந்து டப்பா வைப்பதைப் பார்த்து யாரோ போலீசைக் கூப்பிட, தெருவையே காலி செய்து வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை வெடிக்க வைத்தார்கள். உள்ளே இருந்தது இதே நோட்டு, பென்சில்தான். சொந்தக்காரர் உடம்பு எப்படியிருக்கிறதோ என்ற கவலையோடு மூட்டை முடிச்சுகளுடன் வெளி மாநிலத்துக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் தெருவில் அப்படி ஒரு பீதியைக் கிளப்பிவிட்டால் யாருக்கும் முகம் காட்ட முடியாது. இன்னொன்று, கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பும், ஜிபிஎஸ் அளவும் சரியாக வராது.

மரப்பொந்து என்று ஒருவர் ஆரம்பிப்பார். அரசமரம், வேப்பமரம், ஊர் எல்லை, பக்கத்தில் நாலு சூலம். அந்தப் பொந்தில் துணி சுற்றிய டப்பா, உள்ளே ஒரு தாளில் ஆட்களின் பெயர், தேதி. இதை ஊர்க்காரர் ஒருவர் திறந்து பார்த்தால் ஜியோகேஷ் என்றா நினைப்பார்? செய்வினை என்றுதான் நினைப்பார். அப்புறம் பெயர் எழுதியவர்களை எல்லாம் தேடுவார்கள். விளையாட்டுக்காகச் சொல்லவில்லை, கோயில் மரங்களையும் சுடுகாட்டு ஓரத்தையும் விட்டுவிடுங்கள். எந்த மரமாக இருந்தாலும் ஆணி அடிக்காதீர்கள்.

மிஞ்சுவது தெரிந்தவர் இடம். நான் கடைசியில் சித்தப்பாவிடமே போய் நின்றேன். ஊசூர் பக்கம் அவருக்கு ஒரு மாந்தோப்பு, தார்ச்சாலையை ஒட்டிய வேலி, வேலியோரம் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி, இப்போது தண்ணீர் விடுவதில்லை. தொட்டிக்குப் பின்னால், வெளியிலிருந்து கை எட்டும் தூரத்தில் வைத்திருக்கிறேன். தோப்புக்குள் யாரும் நுழைய வேண்டாம், நாய் குரைக்காது, காவலுக்கு இருக்கும் தாத்தாவுக்கு விஷயம் தெரியும். மாங்காய் சீசனில் வேலியோரம் நிற்கிற எவரையும் திருடன் என்று நினைப்பது இயல்பு என்பதால், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கேஷைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சொன்னார் சித்தப்பா. அப்படி நிறுத்திவைக்க இணையதளத்திலேயே வசதி இருக்கிறது. யாரைக் கேட்டு வைத்தாய் என்று இப்போது எவர் கேட்டாலும் என்னிடம் ஒரு ஆளும் ஒரு போன் நம்பரும் உண்டு. கோட்டையை விட, மலையை விட, இதுதான் டப்பாவுக்கு ஆயுசு.

குறை இல்லாமல் இல்லை. ஊசூர் வரைக்கும் மெனக்கெட்டு வருகிறவர் குறைவு, கோட்டையில் வைத்திருந்தால் நோட்டு மடமடவென்று நிரம்பியிருக்கும். தெரிந்தவரின் டீக்கடை, ஸ்டேஷனரிக் கடை என்று பார்த்தால் ஊருக்குள்ளேயே கிடைக்கும், ஆனால் அங்கே ஒரு எச்சரிக்கை: விளம்பரமாக ஆகிவிடக் கூடாது. டீ குடித்தால்தான் டப்பா, கடைக்காரரைக் கேட்டால்தான் டப்பா என்று வைத்தால் அனுமதி மறுப்பார்கள். கடைக்கு வெளியே, யாரிடமும் பேசாமல் எடுக்கும்படி இருக்க வேண்டும். சொந்த வீட்டு மதில் என்றால் எதிர்வீட்டு அக்காவிடமும் சொல்லிவிடுங்கள், அவர்தான் முதலில் ஜன்னல் திறந்து “யாருப்பா நீ, இன்னா தேடற?” என்று கேட்கப்போகிறவர்.

இப்போது கோட்டைக்கு வருகிறேன். மல்ட்டி என்று, பல கட்டமாகத் தேட வைக்கும் ஒரு வகை இருக்கிறது, அதில் முதல் கட்டத்தில் டப்பாவே வேண்டாம், அங்கே கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு எண்ணையோ எழுத்தையோ வைத்துக் கணக்குப் போட்டு அடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவைக் கண்டுபிடிக்க வைக்கலாம். 1806 ஜூலை 10 அன்று விடியும் முன்னே சிப்பாய்கள் எழுந்த கோட்டை அது. மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் நிற்கிறது, தினமும் ஆயிரம் வண்டி அதைச் சுற்றிப் போகிறது, நின்று படிப்பவர் எத்தனை பேர்? அந்த ஆண்டின் நாலு இலக்கத்தைக் கூட்டினால் 15, அதைக் கொண்டுபோய் இறுதி அளவின் கடைசி எண்ணில் சேர், என்று ஒரு புதிர் போடலாம். வருகிறவர் கோட்டையும் பார்ப்பார், தூணும் பார்ப்பார், ஒரு கல்லையும் தொடமாட்டார், டப்பா மட்டும் அனுமதி உள்ள இடத்தில் இருக்கும். என் இரண்டாவது கேஷ் இதுதான், எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் கேஷாகவே செய்யலாமா என்றால், கணக்கில் ஒரு இலக்கம் பிசகினால் யாரோ ஒருவர் வெயிலில் வேறொருவர் வீட்டு வாசலில் போய் நிற்பார். ஒரு எளிய டப்பாவை ஆறு மாதம் பராமரித்த பிறகு செய்யுங்கள்.

டப்பா எது என்பதிலும் ஆளுக்கொரு கருத்து. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிபன் பாக்ஸ் பலமாக இருக்கும், குரங்குப் பல் இறங்காது, ஆனால் எவர் கண்ணிலாவது பட்டால் மறுநாள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயிருக்கும். நம் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு லேப், அங்கே யூரின் டெஸ்டுக்குக் கொடுக்கிற சின்ன டப்பாவை, புதியதைத்தான் சொல்கிறேன், மெடிக்கலில் வாங்கி வைக்கலாம் என்று தோன்றும். மூடி நன்றாகத்தான் இறுகும், ஆனால் கண்டெடுப்பவர் முகத்தை நினைத்துப் பார்த்து விட்டுவிட்டேன். குளிர்பான பாட்டிலாக ஊதப்படுவதற்கு முன் குழாய் மாதிரி இருக்குமே அந்த பெட் (PET) பிளாஸ்டிக் குழாய், அது நோட்டு மட்டும் வைக்க அருமை, தண்ணீர் புகாது. கொஞ்சம் பொருளும் வைக்க வேண்டும் என்றால் நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற, ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா. கத்திரி வெயிலில் மலிவு பிளாஸ்டிக் அப்பளமாக நொறுங்கும், எனவே நிழலான இடம் பாருங்கள். பேனா வேண்டாம், மை காயும், கசியும். பென்சில் போதும்.

டப்பா ஒளிவுமறைவாக இருக்கலாம், உள்ளே இருப்பது தெரியும்படி ஒளி ஊடுருவுவதாக இருந்தால் நல்லது. மேலே பெரிய எழுத்தில் ‘இது ஒரு விளையாட்டு டப்பா, ஆபத்தில்லை, திரும்ப வைத்துவிடவும்’ என்று தமிழில் எழுதுங்கள். எல்லோரும் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டுகிறார்கள், அதைக் கண்டெடுக்கப்போகிற ஆடு மேய்ப்பவருக்கு அதனால் என்ன பயன்? நம் ஊரில் உருதுவிலும் ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது. நான் என் போன் நம்பரையும் எழுதியிருக்கிறேன்.

இடத்தின் ஜிபிஎஸ் அளவு எடுப்பதில் அவசரம் வேண்டாம். இரண்டு மூன்று நாள், வேறு வேறு நேரத்தில் போய் எடுத்துச் சராசரி பாருங்கள், மாமரத்து அடியில் போன் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்லும். பக்கத்தில் வேறு டப்பா இருந்தால் குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு. வெளியிடும் முன்பு ஒரு தன்னார்வலர் சரிபார்ப்பார், ஆனால் அவர் வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்வார், உங்கள் ஊர் மதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக, படிக்க வந்திருக்கும் மாணவர்களுக்கு. நாலு வருஷம் இங்கே இருப்பீர்கள், அதில் மே, ஜூன் ஊருக்குப் போய்விடுவீர்கள். டப்பா வைக்கலாம், தவறில்லை, ஆனால் நீங்கள் இல்லாதபோது பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒருவர் வேண்டும், படிப்பு முடிந்து கிளம்பும்போது ஹாஸ்டல் அறையைக் காலி செய்கிற மாதிரி அதையும் எடுத்துவிட்டு, அதன் இணையப் பக்கத்தையும் மூடிவிட்டுப் போக வேண்டும். எடுக்காமல் விட்டது வெறும் குப்பை. எனக்கும் அப்படி ஒரு பாக்கி இருக்கிறது. பாலமதிப் பக்கம் போகிறவர்கள், மூன்றாவது வளைவில் வண்டியை நிறுத்தினால், தடுப்புச் சுவருக்குக் கீழே பச்சை நிறத்தில் உள்ளங்கை அகல மூடி ஒன்று கண்ணில் பட்டால், இறங்க வேண்டாம், எந்தப் பக்கம் கிடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், வனத்துறையினரிடம் கேட்டுக்கொண்டு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.